தேய்மானம் காணப்படவில்லை

மெஷின் கத்தியபோது லக்ஷனா தேங்காய் ரொட்டியின் கடைசித் துண்டை வாயில் போட்டிருந்தாள். மெல்லவும் மறந்து அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு வருஷமாக அவள் அந்த மெஷினோடுதான் குடித்தனம் நடத்துகிறாள். அது முனகும், இருமும், மழை நாளில் தும்மவும் செய்யும். இப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

பதுளையில் வைரவநாதன் முதலாளியின் உதிரிப்பாகக் கடைக்குப் பின்னால், பழைய டயர் அடுக்கியிருந்த அறையில் ஒரு பக்கத்தைக் காலி செய்து வைத்த மெஷின் அது. தையல் மெஷின் அளவுதான் இருக்கும். ஓர் இரும்பு வட்டு சுற்றும். அதன் மேல் ஓர் எஃகுக் குண்டு அழுத்திக்கொண்டு நிற்கும். இடையில் எண்ணெய் சொட்டும். வட்டு எவ்வளவு வழுக்குகிறது என்பதைக் கம்ப்யூட்டர் கோடாக வரையும். எவ்வளவு தேய்ந்தது என்பதை மட்டும், வட்டைக் கழுவிக் காயவைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற தராசில் நிறுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதைப் படிக்கவா நாலு வருஷம் கெம்பஸுக்குப் போனாய் என்று தோட்டத்து லய வீடுகளில் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தவள்தான்.

முதலாளி விற்பது எண்ணெயில் கலக்கிற மருந்து. அவராகவே அப்படிப் பெயர் வைத்துவிட்டார். லொறிக்காரர்களும் ‘மருந்து குடுங்க மொதலாளி’ என்றுதான் கேட்பார்கள். ஒரு டின் ஊற்றினால் இரும்பு இரும்போடு சண்டை போடாமல் வழுக்கிக்கொண்டு போகும் என்பது அவருடைய வாக்கு. வாக்குக் கொடுப்பதில் அவருக்கு எப்போதும் தாராள மனசு. அதை எழுத்தில் கொடுப்பதற்குத்தான் லக்ஷனா.

இன்றைய சோதனை மொனராகலைப் பக்கம் கரும்பு ஏற்றுகிற முஹம்மது என்பவருக்காக. மனிதர் சந்தேகப்பிராணி. ‘ரெண்டு மணித்தியாலம் ஓட்டின ரிப்போர்ட் எனக்கு வேணாம், கறுப்புப் பூச்சுப் போட்ட வட்டுல ஆறு மணித்தியாலம் ஓட்டிக் காட்டுங்க’ என்று நின்றுவிட்டார். இப்போது வருகிற புதுக் கியர்களின் பல்லில் எல்லாம் அந்தக் கறுப்புப் பூச்சுத்தான். கல்லுமாதிரி இருக்கும், தேயவே தேயாது என்று விற்கிறார்கள்.

பகல் பன்னிரண்டுக்குச் சற்று முன் தொடங்கிய ஓட்டம். மூன்றாவது மணித்தியாலத்தில் மழைக்குக் கரண்ட் போயிற்று. பத்து நிமிஷத்தில் வந்தது. மெஷின் மறுபடி சுற்றத் தொடங்கிய அந்த நொடியில்தான் கத்தியது.

வட்டைக் கழற்றி, கறையைத் துடைத்து, லென்ஸின் கீழ் வைத்தாள். குண்டு ஓடிய பாதையில் கறுப்பே இல்லை. வளையமாக வெள்ளை இரும்பு பளபளத்தது. அதில் நகத்தால் பிறாண்டியதைப் போல் கோடுகள். கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தாள். கரண்ட் போகும்வரைக்கும் கோடு அழகாக, கீழே கீழே இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. எந்த எச்சரிக்கையும் இல்லை. மருந்து ஒரு பக்கம் வழுக்கிக் கொடுத்துக்கொண்டே, மறுபக்கம் பூச்சைத் தின்றிருக்கிறது. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது இதுதான்.

அப்போதுதான் அவளுக்கு அந்தப் பழைய வட்டின் ஞாபகம் வந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் இதே மருந்தை, இதே பூச்சில், இரண்டு மணித்தியாலம் ஓட்டினாள். அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் முதலாளியின் சம்சாரம் பூவம்மா தட்டோடு கடைக்கு வருவார். கல்லாப்பெட்டி, தராசு, மெஷின் என்று சந்தனமும் குங்குமமுமாக வைத்துக்கொண்டே போவார். அந்த அம்மாள் பொட்டு வைக்காமல் விட்டது அந்தக் கடையில் முதலாளியின் மூக்கு ஒன்றுதான். அன்றைக்கு, கழுவித் தட்டில் குப்புற வைத்துக் காயப்போட்டிருந்த வட்டின் முதுகிலும் ஒரு பொட்டை வைத்துவிட்டார். லக்ஷனா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஸ்பிரிட் துணியால் ஒரு தரம் துடைத்துவிட்டு நிறுத்திருக்க வேண்டும். துணியை எடுக்கவும் செய்தாள்.

மறுநாள் தங்கச்சி நிஷாந்தினிக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம், தலைப்பிள்ளை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக ஒரு பொட்டை அழிக்கிற கை தன் கையாக இருக்க வேண்டாமே என்று தோன்றியது. நாலு வருஷப் படிப்பு ஒரு பக்கம், ஒரு கடுகளவு சந்தனம் ஒரு பக்கம். சந்தனம் ஜெயித்தது. இந்தப் பொட்டில் என்ன எடை இருந்துவிடப் போகிறது என்று சொல்லிக்கொண்டு அப்படியே தராசில் வைத்தாள். எடை முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் கூடவே காட்டியது. ‘பாத்தியா, தேயவே இல்ல, மருந்து மேல படிஞ்சிருக்கு’ என்று முதலாளி குதூகலப்பட்டார். அவளுக்கு ஐந்து மணி பஸ். லென்ஸில் பார்க்க நேரமில்லை. ‘தேய்மானம் காணப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள்.

இப்போது இழுப்பறையிலிருந்து அந்த வட்டை எடுத்தாள். முதுகில் பொட்டு காய்ந்து, நடுவில் குங்குமத்தோடு அப்படியே இருந்தது. நகத்தால் சுரண்டி, நன்றாகக் கழுவி, காயவைத்து நிறுத்தாள். முன்னிருந்த எடையைவிட அரை மில்லிகிராமுக்குச் சற்று மேலே குறைந்திருந்தது. ஓர் எள்ளின் எடைகூட இல்லை. ஆனால் அந்தப் பாதையில் இருந்த பூச்சே மொத்தமாக அவ்வளவுதான்.

அந்த ரிப்போர்ட்டை நம்பி முதலில் மருந்து வாங்கியது அவளுடைய அப்பா வேலை செய்கிற தோட்டத்து ஸ்டோர்.

ஸ்டோர் என்று அவர்கள் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையைத்தான். அப்புத்தளைக்கு அப்பால், பள்ளத்தில் இருக்கிறது. தோட்டத்தின் மேற்பகுதியான மேல் டிவிசன் எதிர்மலையில். நடுவே ஒரு பெரிய ஓடை. மேலே பறிக்கிற கொழுந்தை மூட்டையாகக் கட்டிப் பெட்டியில் ஏற்றிவிட்டால், கம்பியில் தொங்கிக்கொண்டு ஓடைக்கு மேலாக வந்து ஸ்டோர் வாசலில் இறங்கும். பெட்டியைப் பிடித்து மெதுவாக இறக்குகிற வின்ச் கீழே ஸ்டோரில் இருக்கிறது. அதை ஓட்டுகிறவர் அவளுடைய அப்பா மாரிசாமி. இரண்டு வருஷத்துக்கு முன் அந்த வின்சுக்குப் புதுக் கியர் போட்டார்கள். பல்லெல்லாம் கறுப்புப் பூச்சு. அந்தப் பல் விட்டுப்போனால் பெட்டியைப் பிடிக்க வேறெதுவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மண் சரிந்து மேல் டிவிசனுக்குப் போகிற பாதை இருந்த இடமே தெரியாமல் போயிற்று. அன்றிலிருந்து நோயாளி, கிழடு கட்டை எல்லாம் கொழுந்துப் பெட்டியில்தான் இறங்குகிறார்கள். நிஷாந்தினி கட்டிக்கொடுத்திருப்பது அந்த மேல் டிவிசனில். அவள் புருஷன் சதீஸ்குமார் பதினொரு மணிக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தான். வலி கண்டுவிட்டது, மூன்று மணிக்கு ஆம்புலன்ஸ் ஸ்டோருக்கு வருகிறது, பெட்டியில் இறக்குகிறோம் என்று. காலையில் அதைப் பார்த்தபோது லக்ஷனா சந்தோஷப்பட்டாள்.

சுவர் மணிக்கூட்டில் மூன்றாகப் பத்து நிமிஷம்.

முன்கடைக்கு ஓடினாள். முதலாளி ஒரு ஓட்டோக்காரருக்குப் பிளக் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். இரண்டு வட்டையும் காட்டி, நடந்ததைச் சொன்னாள். பொட்டையும் சொன்னாள்.

முதலாளி பழைய வட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பதறாத லக்ஷனா. ஒரு வட்டுல கீறல் வுழுந்துட்டா ஒலகம் அழிஞ்சிருமா? மறுபடி ஒருக்கா ஓட்டிப் பாப்போம்.”

“வின்சுக்கு இந்த மருந்துதான் மொதலாளி போட்டிருக்கு.”

“போன போட்டுச் சொன்னியானா நாளைக்கு இந்தக் கடைக்கு ஒரு ஈ காக்கா வராது. தெரியுமில்ல? நாளைக்கு நம்ம ஆள அனுப்பி கமுக்கமா எண்ணெய மாத்திருவோம்.”

“என் தங்கச்சி இன்னைக்கு எறங்குறா. இப்ப. வலியோட.”

முதலாளி டயர் மேலே உட்கார்ந்தார். அவருக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. தன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். “என்னதுல பேசு. ஒன்னதுல சிக்னல் நிக்காது,” என்றார்.

முதல் தரம் மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தரமும். வின்ச் ஓடுகிற சத்தத்தில் அப்பாவுக்குக் கேட்காது. கேட்கவில்லை என்றால் வின்ச் ஓடுகிறது என்று அர்த்தம். மூன்றாம் தரம் எடுத்தார்.

“அப்பா, பெட்டி கெளம்பிருச்சா?”

“கெளம்பி அஞ்சு நிமிஷமாச்சு தாயி. தொணைக்குப் பெரியாயி கூட வருது. ஆம்புலன்சும் வந்து நிக்குது. நீ நேரா ஆசுபத்திரிக்கு வந்துரு.”

மேலேயிருந்து கீழே வரப் பதினாலு நிமிஷம். இன்னும் ஒன்பது. அவள் சொன்னாள். நான் எழுதிக் கொடுத்தது தப்பு, மருந்து கியர் பல்லைத் தின்றுகொண்டிருக்கிறது என்று சொன்னாள்.

“என்ன தாயி சொல்ற. தண்ணி மாதிரி ஓடுதே. இத்தன வருஷத்துல இப்பிடி ஓடுனதில்ல.”

“அதுதாம்பா பயமா இருக்கு.”

பின்னால் வின்சின் முனகல் கேட்டது. “அப்ப நிறுத்திர்றேன்,” என்றார் அப்பா.

“நிறுத்தாதீங்க. ஓடிக்கிட்டு இருக்கிற வரைக்கும் எண்ணெ நடுவுல நிக்கும். நிறுத்தித் திருப்பி எடுக்கிற நேரந்தான் பல்லு பல்லோட ஒரசும். இங்க மெஷின் கத்துனதும் அப்பதான். வேகத்தக் கூட்டாதீங்க, கொறைக்காதீங்க. இப்பிடியே வரட்டும்.”

“நடுத்தூணு வருதே,” என்றார் அப்பா.

அவளுக்கு உடனே விளங்கியது. வின்சுக்குப் பக்கத்தில் ரோதமுனியின் கல் இருக்கிறது. ரோதை என்றால் சக்கரம்; சுற்றுகிற சக்கரத்துக்கெல்லாம் காவல் அந்த முனிதான். கொழுந்து வந்தால் முனி கண்டுகொள்ளாது. பெட்டியில் ஆள் வந்தால், பெட்டி நடுத்தூணைத் தொட்டதும் வின்சை நிறுத்தி, கல்லுக்குச் சூடம் காட்டிவிட்டுத்தான் மறுபடி எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒவ்வொரு தரமும் அப்பா அப்படித்தான் செய்திருப்பார். ஒவ்வொரு தரமும் ஓடையின் நடுவில் நிறுத்தி, திருப்பி எடுத்து.

“இன்னைக்கு நிறுத்த வேணாம்பா.”

“வயித்துப்புள்ளக்காரிய முனிக்குச் சொல்லாம தாண்ட வைக்கச் சொல்றியா? இந்தக் கம்பி போட்ட நாளையிலருந்து ஒருத்தனும் அப்பிடிச் செஞ்சதில்ல. எதாச்சும் ஆனா நான் யாரு மொகத்துல முழிக்கிறது?”

அப்பாவுக்கு அவளைவிடப் பயம். அந்தப் பயம் அவளுக்குத் தெரியும். துணியை எடுத்த கையை இறக்க வைத்ததும் அதே பயம்தான்.

“அப்பா, நான் செஞ்ச தப்பும் இதேதான்,” என்றாள். “வட்டுல பூவம்மா அக்கா பொட்டு வச்சிருந்தாங்க. அழிச்சா தங்கச்சிக்கு ஆகாதுன்னு பயந்துக்கிட்டு அப்பிடியே தராசுல வச்சேன். அழிச்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். அவளுக்காகப் பயந்துதான் அவள இதுல ஏத்தி வச்சிருக்கேன். நீங்களும் பயந்து நிறுத்திராதீங்க.”

முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அப்பாவின் குரல், அவளிடம் பேசாத குரல், கொஞ்சம் தள்ளிக் கேட்டது.

“அய்யா, இன்னைக்கு நிக்கல. குத்தம் எதுவானாலும் எம்மேல போடு. புள்ளைங்கள விட்டுரு.”

முனகல் மாறவில்லை. நடுத்தூண் போயிற்று. முதலாளி டயர் மேல் இருந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார்.

இன்னும் ஆறு நிமிஷம். அப்போது அறையின் பல்பு ஒரு தரம் மங்கி, அணைந்தே போயிற்று. கரண்ட். அங்கேயும் போனால் வின்ச் நிற்கும், வந்ததும் மறுபடி எடுக்கும். லக்ஷனா போனில் முனகல் கேட்கிறதா இல்லையா என்று காதை அழுத்திக்கொண்டாள். கேட்டது. அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“அப்பா, கரண்ட் இருக்கா?”

“ஞாயித்துக்கெழமையில இருந்து ஜெனரேட்டர்தான் தாயி.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது. அழுவதற்கு இது நேரமில்லை என்று அதையும் விழுங்கினாள். இருட்டில் முதலாளி யாருக்கோ, எதற்கோ, ‘கடவுளே கடவுளே’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் அந்தச் சத்தம் வந்தது. முதலில் மெல்லிசாக, கதவுக் கீல் சத்தம்போல. பிறகு நீளமாக. சற்று முன் இந்த அறையில் கேட்ட அதே கத்தல். முதலாளியும் தலையைத் தூக்கினார்.

“தாயி, சத்தம் வருது.” அப்பா கத்திப் பேசினார். “பொக கெளம்புது. நிறுத்தட்டா?”

நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் அவளுடைய உடம்பு முழுக்கத் துடித்தது. எந்த மெஷின் கத்தினாலும் கை சிவப்புப் பொத்தானுக்குத்தான் போகும். இரண்டு வருஷத்துப் பழக்கம் அது. நிறுத்தினால் பெட்டி ஓடைக்கு மேலே தொங்கும். திருப்பி எடுக்கும்போது பல் தாங்காது. நிறுத்தாவிட்டாலும் தாங்கும் என்று அவளுக்கு நிச்சயமில்லை. தெரியாது என்பதுதான் உண்மை.

“நிறுத்தாதீங்க. பழைய எண்ணெ இருக்கா, மருந்து போடாதது?”

“பீப்பால இருக்கு.”

“கியர் மேல்மூடியத் தெறந்து ஊத்தச் சொல்லுங்க. ஊத்திக்கிட்டே இருக்கட்டும். நீங்க லீவர விட்டு நகராதீங்க.”

யாரோ ஓடுவதும், பீப்பா உருளுவதும் கேட்டது. கத்தல் கொஞ்சம் அடங்கி மறுபடி ஏறியது. அப்பா யாரையோ தள்ளிப் போகச் சொன்னார். அவரையும் தள்ளி நிற்கச் சொல்ல லக்ஷனா வாயெடுத்தாள். லீவரில் ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். வாயை மூடிக்கொண்டாள். தங்கச்சிக்காக அப்பாவை அந்தச் சக்கரத்தின் பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

“பெட்டி தெரியுது,” என்றார் அப்பா. “பனிக்குள்ளருந்து வருது. ரெண்டு பேரும் தெரியுறாங்க.”

பிறகு போனில் ஒன்றுமே விளங்கவில்லை. கத்தல், ஆட்களின் சத்தம், மரத்தில் எதுவோ மோதியதுபோல் ஓர் அடி. அதற்கப்புறம் வின்சின் ஓசை நின்றது. எல்லா ஓசையும் நின்றது. லக்ஷனா ‘அப்பா, அப்பா’ என்று கூப்பிட்டாள். அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“எறக்கியாச்சு,” என்றார் அப்பா. அவருக்கு மூச்சு வாங்கியது. “எறக்கியாச்சு தாயி. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இப்ப மோட்டார நிறுத்திட்டுக் கையால தள்ளிப் பாத்தேன். ரோதை தன்பாட்டுல சுத்துது. பல்லு ஒண்ணுல ஒண்ணு பிடிக்கல.”

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இனி அதுல யாரையும் ஏத்தாதீங்கப்பா. தோட்டத்துத் தொரைகிட்ட நான் எழுதிக் குடுக்குறேன். தப்பு என்னதுன்னே எழுதுறேன்.”

“அத பொறவு பாக்கலாம். இரு, ஆம்புலன்சுல ஏத்துறாங்க. இவ ஒங்கிட்ட பேசணுங்கிறா.”

போன் கை மாறுகிற சலசலப்பு. நிஷாந்தினி மூச்சை இழுத்து இழுத்து விடுவது கேட்டது. அவளுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கீழே வின்ச் கத்தியதை அவள் மழைக்குக் கம்பி கத்துவதாக நினைத்திருப்பாள்.

“அக்கா.”

“சொல்லுடி. வலி எப்பிடி இருக்கு?”

“விட்டு விட்டு வருது. அக்கா, நான் ஏறவே மாட்டேன்னு அழுதேன் தெரியுமா. கீழ பாத்தா ஒண்ணுமே தெரியல, ஒரே பனி. பெரியாயி சொல்லியும் கேக்கல, அவரு சொல்லியும் கேக்கல. பொறவு அவருதான் பெட்டி ஏறுற எடத்துக்குக் கூட்டிப்போயி, சொவத்துல ஒட்டியிருந்த மருந்து ரிப்போர்ட்டக் காட்டுனாரு. இங்க பாரு, ஒங்க அக்கா கையெழுத்துப் போட்டிருக்குன்னு. ஒம் பேர வாசிச்சேன். அதுக்கப்பறம் எனக்குப் பயமே இல்லக்கா. ஏறிட்டேன்.”

முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். முன்கடையில் அந்த ஓட்டோக்காரர் இன்னும் பிளக்குக்காகக் காத்துக்கொண்டு மேசையைத் தட்டினார்.

“அக்கா? கேக்குதா?”

“கேக்குது,” என்றாள் லக்ஷனா.